எகிப்தில் தேநீர் மறுத்தலும் அதன் தோல்வியும்: ஒரு கள ஆய்வு

எகிப்தை ஆராய்ந்தவர்கள் பிரமிடின் சரிவை அளந்தார்கள், மம்மியின் பற்களை எண்ணினார்கள், நைல் எங்கே பிறக்கிறது என்று தலைமுறை தலைமுறையாகச் சண்டையிட்டார்கள். அந்த நாட்டில் ஒருவர் நீட்டும் தேநீரை வேண்டாம் என்று சொல்லித் தப்புவது எப்படி என்ற அடிப்படைக் கேள்விக்கு மட்டும் உரிய இடம் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு. ஆய்வுக் கருவிகள் நான்கு வயிறுகள். ஒன்று ஆய்வாளருடையது, மற்றவை உடன் வந்த நண்பர்களுடையவை. நண்பர்களில் ஒருவர் கணக்குத் தணிக்கையாளர், ஒருவர் சர்க்கரை நோயாளி. இன்னொருவருக்குப் பிறவியிலேயே எதையும் மறுக்கத் தெரியாது. ஆகவே அவரை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டுவைத்தோம்.

முன்னோர் சான்றுகளைப் பார்த்துவிடுவது முறை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கிரேக்கர் ஹெரோடோட்டஸ், எகிப்தியச் செல்வர் வீட்டு விருந்துகளைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். சாப்பாடு முடிந்ததும் மரத்தில் செய்த பிண உருவம் ஒன்றைப் பெட்டியோடு தூக்கிவந்து விருந்தினர் ஒவ்வொருவருக்கும் காட்டுவார்களாம். நாளைக்கு நீயும் இப்படித்தான் கிடப்பாய், இன்றைக்குக் குடித்து மகிழ்ந்துகொள் என்பது அதன் கருத்து. இரண்டாவது கோப்பையை மறுப்பவரை வழிக்குக் கொண்டுவர இதைவிட வலுவான வாதத்தை உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. செத்த பிறகும் ஆளை விட்டார்களா என்றால் இல்லை. இறந்தவருக்கு ரொட்டியும் பீரும் மாடும் பறவையும் ஆயிரக்கணக்கில் கிடைக்கட்டும் என்று கல்லறைகளில் பொறித்துவைத்தார்கள். போதும் என்று கையைக் குறுக்கே நீட்ட முடியாத ஒரே விருந்தாளி பிணம்தான் என்பது இங்கே கருதத்தக்கது.

1326-இல் வந்த இப்னு பதூதா, கெய்ரோவின் சூஃபி மடங்களில் பணியாள் காலையிலேயே வந்து இன்றைக்கு என்ன சாப்பாடு வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுப்போவதைப் பதிவு செய்தார். 1836-இல் வெளியான நூலில் எட்வர்டு லேன், கெய்ரோவாசிகள் சிலர் இரவுச் சாப்பாட்டை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிடுவதைக் குறித்தார். இருவரும் கூப்பிட்டதைத்தான் எழுதினார்கள். மறுத்தவன் கதி என்ன ஆயிற்று என்று எழுதவில்லை.

தமிழர் தரப்புச் சான்று சற்றே சங்கடமானது. செங்கடல் கரையிலுள்ள குசைர் அல்-கதீமில் ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றில் கணன், சாதன் என இரு பெயர்கள். நண்பர்களோடு எகிப்து போகும் வழக்கம் அன்றே இருந்தது என்பதற்கு இது போதும் என ஆய்வாளர் துணிகிறார். அதே ஊரில் பின்னர் கிடைத்த ஓட்டில் உறியில் தொங்கவிடும் பானையைக் குறிக்கும் சொற்கள் இருந்ததை ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். உறி கட்டித் தொங்கவிடும் அளவுக்குச் சொந்தப் பண்டத்தைச் சுமந்து போனார்கள் என்றால், உள்ளூர் உபசாரம் பற்றி அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெரெனிகே துறைமுகக் கோயிலில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே அகழ்ந்தெடுக்கப்பட்டது. கொடுக்கப் போன பொருளைக் கொடுக்க விடாமல் எதிர் உபசாரம் நடந்திருக்குமோ என்பது வெறும் ஊகம்.

இனிக் களத்துக்கு வருவோம். எகிப்தில் உபசாரம் 'இத்ஃபத்தல்' என்ற சொல்லோடு தொடங்குகிறது. உட்காருங்கள், உள்ளே வாருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு முன்னால் போங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் எல்லா அழைப்பும் ஒரே எடையல்ல. டாக்சிக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டால் 'கல்லீ' என்பார், காசு உங்களிடமே இருக்கட்டும் என்று. அதை நம்பி இறங்கி நடந்தால் அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கச் சகிக்காது. மறுபடி நீட்ட வேண்டும், அவர் மறுபடி மறுக்க வேண்டும், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வார். இங்கே மறுப்பது அவர் வேலை, வற்புறுத்துவது நம் வேலை. தேநீரில் இது அப்படியே தலைகீழ். அது தவிர, ஆற்றில் போகும் படகிலிருந்து கரையில் நிற்பவரைச் சாப்பிட வாங்க என்று கூப்பிடுவது உண்டு. கூப்பிட்டவருக்குச் செலவில்லை, படகுதான் போய்க்கொண்டிருக்கிறதே. ஒப்புக்கு அழைப்பதை எல்லாம் எகிப்தியர்களே படகோட்டி அழைப்பு என்று கேலி செய்வார்கள்.

தேயிலையே விளையாத நாடு இவ்வளவு தேநீர் தருவது பொருளாதார அறிஞர்கள் தனியே கவனிக்க வேண்டிய விஷயம். தூளில் பெரும்பகுதி கென்யாவிலிருந்து வருகிறது. வடக்கே டெல்டாப் பகுதியில் கொதிநீரைத் தூள்மேல் ஊற்றித் தரும் லேசான தேநீர் மறுப்பவரிடம் கொஞ்சம் இரக்கம் காட்டும். தெற்கே சயீதி பகுதியில் தூளைக் கரியடுப்பில் போட்டுக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சுகிறார்கள். சின்னக் கண்ணாடிக் கோப்பை, அதில் காலளவுக்குச் சர்க்கரை. நம் சர்க்கரை நோயாளி 'மின் கேர் சுக்கர்' என்று சர்க்கரை வேண்டாமெனச் சொல்லப் பழகிவைத்திருந்தார். லக்ஸரின் மேற்குக்கரைக் கிராமத்து வீடொன்றில் அதைச் சொன்னதும் வீட்டுக்காரர் பதறி, உடம்புக்கு என்ன என்று விசாரித்து, அப்படியானால் இது மருந்து என்று செம்பருத்தி இனத்துக் கர்கதே பானத்தைக் கொண்டுவந்தார். சர்க்கரைப் பாகு போல் இருந்தது.

அதே வீட்டில்தான் ஃபிதீர் வந்தது. வீட்டம்மாள் மாவுருண்டையைக் கையால் விசிறி விசிறி, பின்னால் இருப்பது தெரியும்வரை துணிபோல் இழுத்து, நெய் தடவி மடித்து, மறுபடி நெய் தடவி மடித்து அடுப்பில் விட்டார். தாழ்ந்த வட்டப் பலகையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தோம். கருப்பஞ்சாற்றுப் பாகும் பழஞ்சீஸும் பக்கத்தில். வீட்டுக்காரர் தான் சாப்பிடவில்லை. நல்ல துண்டாகப் பிய்த்து எங்கள் முன்னால் வைத்துக்கொண்டே இருந்தார். ஒப்பீட்டு நண்பர் வைத்ததை எல்லாம் சாப்பிட்டார். நாங்கள் லா, ஷுக்ரன் என்றும், நெஞ்சில் கை வைத்தும், வயிற்றைத் தட்டிக் காட்டியும் மறுத்தோம். தணிக்கையாளர் கணக்குப்படி நால்வர் உட்கொண்டதும் ஒரே அளவு. எங்களுடையது ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான். மறுப்பதால் ஏற்படும் ஒரே விளைவு வெப்ப இழப்பு என்ற இந்த ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு இவ்வாறு பிறந்தது.

சினாய்ப் பாலைவனத்துப் பதூயின்களிடம் காலிக் காப்பிக் கிண்ணத்தை லேசாக ஆட்டினால் போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதே உத்தியை நைல் ஓரத்தில் கையாண்டபோது, கோப்பையில் ஏதோ விழுந்துவிட்டது என்று கழுவிப் புதிதாக நிரப்பித் தந்தார்கள்.

படகோட்டி அழைப்பையும் சோதிக்காமல் ஆய்வு முடியாது. ஒரு சாயங்காலம் கரையோரம் நின்றிருந்தோம். மீனவர் ஒருவர் வலையை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்க, மனைவி துடுப்புப் போட, சிறு படகு கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் தகர டப்பாவில் கரி நெருப்பு, மேலே கரி படிந்த கெட்டில். "இத்ஃபத்தலு, ஷாய்!" என்று அவர் கையசைத்தார். எழுத்தில் இல்லாத வாக்குறுதியை எங்கும் ஏற்காத தணிக்கையாளர், சோதனைக்காகவே வாயைக் குவித்து "வர்றோம்!" என்று தமிழிலேயே கத்தினார். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்தம்மா துடுப்பை மாற்றிப் போட்டார். படகு நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பத் தொடங்கியது.

"ஐயோ, நான் சும்மா சொன்னேன்யா," என்றார் தணிக்கையாளர்.

இருந்தது இரண்டே கோப்பை. ஆற்று நீரில் அலசி அலசி முறை வைத்துக் குடித்தோம். அவர்கள் முறை கடைசி. சர்க்கரை கெட்டிலிலேயே போட்டாயிற்று, விவாதத்துக்கு இடமில்லை. தணிக்கையாளர் ஒரு நோட்டை நீட்டினார். மீனவர் "கல்லீ" என்றார். டாக்சி விதிப்படி இரண்டாம் முறை நீட்டினார். மறுபடி "கல்லீ". மூன்றாம் முறை நீட்டியபோது அந்தம்மா பொறுமையிழந்து, வலையிலிருந்து இரண்டு புல்தி மீனை எடுத்து நீட்டிய கையிலேயே வைத்துவிட்டார்.

இதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று தணிக்கையாளர் விடுதி வரை கேட்டுக்கொண்டே வந்தார். விடுதி வரவேற்பாளர் மீனைக் கையில் வாங்கிக்கொண்டார், எங்களை உட்காரச் சொன்னார், உள்ளே பார்த்துத் தேநீருக்குக் குரல் கொடுத்தார்.