சோபாவை நகர்த்தச் சொல்லாதே, பேராண்டி!

ஏலே பேராண்டி, வீடியோ கேம் பெட்டி செய்யுற கம்பெனியில வேலைக்குச் சேந்துட்டியாமே. பொழுதன்னிக்கும் கேமே கதின்னு கெடந்த பயலுக்கு அதுக்கே சம்பளம் குடுக்கான்னா, நீ கெட்டிக்காரனா, குடுக்கவன் ஏமாளியான்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

போகட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். ராப்பகலா முழிச்சு ஆடுறவன் எப்படியும் பெட்டியை வாங்கிருவான். ராச்சோறு தின்னுட்டு அரை மணி நேரம் சும்மா ஆடிட்டுப் படுக்கப் போறவன் இருக்காம் பாரு, அவனைப் பிடிக்கத்தான் உங்க முதலாளிமாரு மல்லுக்கட்டுதாக.

2006 நவம்பர்ல அமெரிக்காவுல ரெண்டு நாள் இடைவெளியில ரெண்டு பெட்டி கடைக்கு வந்துச்சு. சோனியோட பிளேஸ்டேஷன் 3, வெலை 499 டாலர். வசதி கூடுனது 599. உள்ள புளூ-ரேயாம், செல் பிராசஸராம். நிண்டெண்டோவோட வீ வெறும் 250 டாலர். அதைத் தொறந்து பாத்தா பழைய கேம்கியூபைக் கொஞ்சம் முடுக்கிவிட்ட சமாச்சாரம். ஹெச்டி படம்கூட வராது. வெவரம் தெரிஞ்சவனெல்லாம் சிரிச்சான். கடைசியில வீ 10 கோடியைத் தாண்டுச்சு; பிளேஸ்டேஷன் 3 ஒம்பது கோடிக்குள்ளயே நின்னுபோச்சு. சோனிப் பெட்டியை மெச்சுனவன் மெச்சிட்டுப் போயிட்டான், காசு குடுத்தவன் வீயைத் தூக்கிட்டுப் போனான்.

சூட்சுமம் என்னன்னா, நிண்டெண்டோ தலைவர் சடோரு இவாட்டா, கேமே ஆடாத ஆளு மேல கண்ணை வச்சாரு. ரெண்டு குச்சியும் பத்துப் பதினஞ்சு பொத்தானும் வச்ச சாமானை மாமியா கையில குடுத்தா, மருமகன்கிட்டயே திருப்பிக் குடுத்துருவா. ஆனா டிவி ரிமோட்டுக்கு எந்த மாமியா பயப்படுதா? வீயில ரிமோட்டையே ஆடுற சாமானா ஆக்கிட்டாக. வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸ்ல பந்தைத் தொரத்தி ஓடுறது பொம்மை. கையை வீசுறது மட்டும் உன் வேலை. பவுலிங்குல அடிப்பக்கப் பொத்தானை அமுக்கிக்கிட்டே கையை வீசி, சரியான நேரத்துல வெரலை எடுத்தா உருண்டை உருளும். பாடம் அம்புட்டுதான். அந்த ஆட்டமும் அமெரிக்காவுல பெட்டியோட இனாம். முதியோர் இல்லத்துல கெழடுகட்டைக பவுலிங் போட்டி நடத்துச்சுன்னா பாத்துக்கோ. வீசுன வேகத்துல ரிமோட் பறந்து டிவியில மோதுனதால, 32 லட்சம் கைப்பட்டையை மாத்திக் குடுக்கேன்னு கம்பெனி அறிவிச்சுது. டிவியை ஒடைக்கிற அளவுக்கு ஆடுறானேன்னு உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டிருப்பாக.

அடுத்து வீ ஃபிட். பலகையில ஏறி நின்னா எடை போட்டு, எடை கூடுதலா இருந்தா திரையில உம் பொம்மையும் ஊதும். உங்க ஆச்சி காலணா வாங்காம எனக்குச் செய்யுற சேவை.

மைக்ரோசாஃப்ட் பாத்துச்சு. 2010-ல கினெக்ட்னு ஒரு கேமராவை விட்டுச்சு. கையில ஒண்ணுமே வேண்டாம், நீயே ஆடுன்னுட்டாக. 60 நாள்ல 80 லட்சம் போச்சு, கின்னஸ்ல பேரும் வந்துச்சு. ஆனா ஒருத்தர் ஆட ஆறடி, ரெண்டு பேர்னா எட்டடி தள்ளி நிக்கணும். அரை மணி நேரம் ஆடுறதுக்கு எவன்லே தெனமும் சோபாவை நகர்த்துவான்? 2013-ல எக்ஸ்பாக்ஸ் ஒன்ங்கிற பெட்டியோட கினெக்டையும் சேத்துக் கட்டி 499-ன்னாக. எதுத்தாப்புல பிளேஸ்டேஷன் 4 வெலை 399. மறு வருசமே கினெக்டைக் கழட்டிட்டு வெலையை எறக்கிட்டாக.

செயிச்ச நிண்டெண்டோவும் தப்பலை. சும்மா ஆட வாறவன் திருவிழாக் கூட்டம் மாதிரிலே. ராட்டினத்துல ஏறுவான், ராட்டினக்காரன் பேரைக் கேக்கமாட்டான். 2012-ல வீ யூ வந்தப்போ, நம்மகிட்டதான் வீ இருக்கே, இது அதோட துணைச் சாமானாக்கும்னு பாதிப் பேரு நகந்துட்டான். ஒண்ணரைக் கோடியைக்கூடத் தொடலை. அதுக்குள்ள கையில செல்போன், அதுல ஆங்ரி பேர்ட்ஸ். சோபாவை நகர்த்துறதென்ன, அதுலயே படுத்துக்கிட்டு ஆடலாம்.

அதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் 2017-ல ஸ்விட்ச். டிவியிலயும் ஆடலாம், உருவிக்கிட்டுப் போயிப் படுத்துக்கிட்டும் ஆடலாம். ரெண்டு பக்கத்தையும் கழட்டி ஆளுக்கொண்ணாப் பிடிச்சுக்கலாம். 15 கோடிக்கு மேல போச்சு. அப்பவும் ஆசை விடலை பாரு: கூட வந்த 1-2-ஸ்விட்ச்ங்கிற கேம்ல ஒரு ஆட்டம், பால் கறக்குறது! அந்த கேமைப் பெட்டியோட இனாமாக் குடுக்காம 50 டாலருக்கு வித்தாக. நான் அறுவது வருசமா மாட்டுக்குத் தீவனமும் போட்டுல்லலே கறக்கேன்.

ஆகையினால, வேகம், பிக்சல்னு முதலாளிகிட்டப் பீத்தாதே. புதுப் பெட்டி செஞ்சா முதல்ல உங்க ஆச்சி கையில குடு. எங்க அமுக்கணும்னு ரெண்டு தடவை கேட்டான்னா, திருப்பி எடுத்துட்டுப் போயி மாத்திச் செஞ்சுட்டு வா. மூணாவது தடவை கேக்க மாட்டா. எந்திரிச்சு அவ சோலியைப் பாக்கப் போயிருவா.