கூரை வழியாக வரவும்

மதுரைச் சுவர்களில் சினிமாவுக்கும் கட்சிக்கும் அடுத்தபடி இடம் பிடிப்பது சுகமளிக்கும் கூட்டச் சுவரொட்டிதான். முடவர் நடப்பார்கள், குருடர் பார்ப்பார்கள் என்று கொட்டை எழுத்தில் அழைப்பு. நடந்துவிட்டவருக்கு மேடையில் மைக் உண்டு, சாட்சி சொல்ல. நடக்காதவர் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வந்தால் வாசலில் ஐந்து படி.

படிக்கு அரையடி என்றால் மொத்தம் இரண்டரை அடி உயரம். ஓர் அடி ஏற 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளத்துக்கு 30 அடி வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-இல். ஆலயக் கமிட்டி இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறது. டியூப்லைட், மின்விசிறி, பெஞ்சு எல்லாவற்றிலும் தாத்தா பாட்டி நினைவாகப் பெயர் எழுத ஆள் இருக்கிறது. சாய்தளத்தில் எழுதினால் பெயர்மீது சக்கரம் ஏறுமே!

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நாலு பேர் கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினார்கள். கூரைக்கு நஷ்டஈடு கேட்டதாக மாற்கு எழுதவில்லை. அந்த வீட்டுக்குக் கட்டடக் கமிட்டி இல்லை போலிருக்கிறது.

சாய்தளம் கட்டிய சபைகளும் உண்டு, குறை சொல்லக் கூடாது. ஆராதனை நேரத்தில் அதன்மேல் பைக்குகள் வரிசையாக நிற்கும். முதல் வண்டி பெரும்பாலும் கமிட்டிக்காரருடையது.