ஆக்சிலரேட்டரில் ஒரு கால், பிரேக்கில் ஒரு கால்

கேள்வி: எங்கள் நூற்பாலையின் ஈரப்பத விசிறிகளுக்கு வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) மாட்டினால் கரண்ட் பில் பாதியாகிவிடும் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. நம்பலாமா? (வாசகர், பல்லடம்)

பதில்: பாதி நம்பலாம்! விசிறியில் கணக்கு அவர் பக்கம்தான். வேகத்தை 80 சதவீதமாக்கினால் காற்று 20 சதவீதம்தான் குறையும். விசிறி கேட்கும் சக்தியோ ஏறக்குறைய பாதியாகிவிடும். 0.8 × 0.8 × 0.8 போட்டுப் பாருங்கள், 0.512 வரும். இப்போது என்ன நடக்கிறது? மோட்டாரை முழு வேகத்தில் விரட்டிவிட்டு, டேம்பரை மூடிக் காற்றை மறிக்கிறீர்கள். ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக் பிடிக்கிற டிரைவருக்கு நீங்கள் சம்பளம் கொடுப்பீர்களா?

ஆனால், வருடம் முழுக்க முழு வேகம் தேவைப்படும் விசிறியில் மாட்டினால் மிச்சம் ஏதுமில்லை. டிரைவும் தன் பங்குக்குச் சில சதவீதத்தைச் சாப்பிடும். பிரதிநிதி இதைச் சொல்லியிருக்க மாட்டார். பாவம், அவருக்கும் டார்கெட் உண்டே!

மொத்த பில்லும் விசிறியினுடையது அல்ல, அதில் ஏர் கம்ப்ரசருக்கும் பங்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்த விடுமுறையில் மெஷின்களை நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு ஷெட்டுக்குள் நடந்து பாருங்கள். காற்றை எடுக்க ஆளே இல்லாதபோதும் அது அடிக்கடி லோடு எடுத்தால், எங்கோ கசிகிறது. 'உஸ்ஸ்' சத்தம் வரும் இணைப்பில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கிளாம்ப் விலை சில ரூபாய், வி.எஃப்.டி. விலை உங்களுக்கே தெரியும். முதலில் கிளாம்பை வாங்குங்கள்.