பல் டாக்டரும் பூச்சாண்டியும்

நம் வீடுகளில் பூச்சாண்டி ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிறது. அவர் பார்த்த வேலையை இப்போது டாக்டர்கள் தலையில் கட்டியிருக்கிறோம். "சாப்பிடலேன்னா டாக்டர் மாமா ஊசி போட்டுடுவார்" என்று மூன்று வருடம் மிரட்டிச் சோறு ஊட்டிவிட்டு, நாலாவது வருடம் "டாக்டர் மாமா ரொம்ப நல்லவர், வா போகலாம்" என்றால் எந்தக் குழந்தை நம்பும்? அரசியல்வாதிகூடக் கட்சி மாறினால் ஒரு காரணம் சொல்கிறார்.

மகளின் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி. பல் டாக்டரிடம் போக, அவளுக்கு முன்னால் மாமியாரைத் தயார்ப்படுத்த வேண்டியிருந்தது. "விழுந்து முளைக்கிற பல்லுக்கு யாராவது காசு குடுப்பாங்களா?" முன்பல் ஆறேழு வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால்பல் விழப் பத்து, பன்னிரண்டு வயது ஆகும். அதுவரை முறுக்கை எதால் கடிப்பாள்? தவிர, பின்னால் வரப்போகும் பல்லுக்கு, பஸ் சீட்டில் துண்டு போட்ட மாதிரி இடம் பிடித்து வைத்திருப்பதும் அந்தப் பால்பல்தான்.

அடுத்து என் கணவர். "வலிக்கவே வலிக்காதுடா செல்லம்" என்று காலையிலிருந்து ஜபம். வலியைப் பற்றி நினைத்தே பார்க்காதவள், "எதுப்பா வலிக்காது?" என்றாள். தைரியம் கொடுக்க வந்த மாமனார், "இங்க பாரு, இவ்வளவுதான்!" என்று பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுக் காட்டினார். குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. அதற்குப் பிறகு ஜிலேபிக்குக்கூடத் திறக்கவில்லை.

"டாக்டர் உன் பல்லை எண்ணுவாங்க, அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போனேன். பால்பல் மொத்தம் 20. அவளுக்கும் எண்ணிக்கை அதுவரைதான் வரும்.

குழந்தைகளுக்கான பல் டாக்டர்கள் எதையும் முதலில் சொல்லி, பிறகு காட்டி, அப்புறம்தான் செய்வார்கள். எங்கள் டாக்டர் அம்மாவும் அப்படித்தான்: குட்டிக் கண்ணாடியை இவள் கையில் கொடுத்தார், நகத்தில் வைத்துக் காட்டினார், பிறகு வாய்க்குள் விட்டார். இவள் சமர்த்தாகத் திறந்தாள். ஏறி இறங்கும் நாற்காலியிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடாகப் போயிற்று. "ராத்திரி பால் பாட்டிலோட தூங்குறாளா?" என்று டாக்டர் கேட்டதும், மாமியார் சுவர்க் காலண்டரில் அமாவாசை தேட ஆரம்பித்துவிட்டார்.

முதல் பல் முளைத்த ஆறு மாதத்துக்குள், தப்பினால் முதல் பிறந்தநாளுக்குள், பல் டாக்டரிடம் காட்டிவிடச் சொல்கிறார்கள். அந்த வயதில் மிரட்டல் எதுவும் குழந்தைக்குப் புரியாது என்பது கூடுதல் வசதி. காது குத்த நாள் பார்க்கும்போதே இதற்கும் ஒரு நாள் பார்த்துவிடுங்கள்.