மண்புழுவும் மாத வட்டியும்

கேள்வி: மண்ணை உயிர்ப்பிக்கும் விவசாயத்தில் பணம் போட்டால் மாதாமாதம் நிலையான வருமானம் என்கிறார்களே, நம்பலாமா?
– வாசகர், பெருங்கடவிளை

பதில்: மண்புழு மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில்லை. உங்கள் பக்கத்து ரப்பரையே பாருங்கள். நட்டு ஏழு ஆண்டு போல் காத்திருந்துதானே பால் வெட்டுகிறீர்கள்? அந்த ஆண்டுகளில் மரங்களுக்கு இடையே புரேரியா, முக்குனா கொடிகளைப் படரவிட்டால் மழையில் மண் அரிப்பது குறையும், வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். உரச் செலவு குறைகிறதே, அதுதான் லாபம். அதற்கு யாரும் வழவழ தாளில் விளம்பரம் அடிப்பதில்லை.

விளம்பரம் அடித்தவர்கள் வேறு. 1990-களில் சென்னையின் அனுபவ் பிளாண்டேஷன்ஸ் தேக்கைக் காட்டியது. பிறகு பெருந்துறை சுசி நிறுவனம் ஈமுவைக் காட்டியது. ஈமு பறக்காத பறவைதான். ஆனால் 2012-ல் முதலீட்டாளர்களின் பணம் பறந்தது.

பலரிடம் பணம் திரட்டிக் கூட்டாக நடத்தும் இத்தகைய திட்டங்களுக்கு 1999-லேயே பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி விதிமுறை வகுத்துவிட்டது. பணம் கேட்டு வருகிறவரிடம் செபி பதிவுச் சான்றைக் கேளுங்கள். தலையைச் சொறிந்தால், அந்தப் பணத்துக்குச் சாணம் வாங்கி உங்கள் விளையிலேயே போடுங்கள்.