தனி ஆவர்த்தனமும் தாம்பத்தியமும்

கேள்வி: கர்நாடக இசையில் சற்றும் நாட்டமில்லாத ஓசூர்த் தொழிற்சாலை ஊழியர் ஒருவர், மனைவியின் மகிழ்ச்சிக்காகப் பெங்களூருவின் இராமநவமிக் கச்சேரிக்குச் செல்வது நேர்மையாகுமா?

பதில்: முதல் ஷிப்டு முடிந்த களைப்போடு, அத்திப்பள்ளியிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் நெரிசலைப் பொறுத்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடந்து, 1939-இல் தோன்றிய ஸ்ரீ ராமசேவா மண்டலியின் பந்தலில், சாமராஜபேட்டைக் கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் வந்தமரும் கணவரின் நேர்மையை, அவர் தலையாட்டத் தொடங்கும்வரை ஐயுற வேண்டியதில்லை.

அவர் நன்றி கூற வேண்டியவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967). வர்ணத்தில் தொடங்கி, விரிவான ஓர் உருப்படியை எட்டி, துக்கடா எனப்படும் சிறு பாடல்களில் இளைப்பாறும் இன்றைய கச்சேரி வரிசையை நிலைபெறச் செய்தவர் அவரே என்பதால், துக்கடா வந்ததும் வீடு திரும்பும் நேரம் நெருங்கிவிட்டதை இராகம் அறியாதவரும் உணரலாம். பாடகர் ஓய்ந்திருக்க மிருதங்கம் முதலிய தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது, பழுத்த ரசிகர்களே காபிக்கு எழுவதுண்டு. எட்டு மணி நேரம் பிரஸ் இயந்திரத்தின் தாளத்தைக் கேட்டுப் பழகிய ஊழியரோ அசையாமல் அமர்ந்திருப்பார், அதை மனைவி இரசனை என்று கொண்டால் மறுக்கவேண்டிய கட்டாயமும் அவருக்கில்லை.

ஈடாக, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் விடிய விடிய நிகழும் பாரதக் கூத்துக்கு மனைவியை அழைக்கும் உரிமை அவருக்கு உண்டாகிறது. அங்கே துக்கடா கிடையாது.