தங்கவயலில் ‘யூஸ்டு டு’: வழக்கிறந்த காலம் குறித்த முதற்கட்ட ஆய்வு

பாயிரம்

ஆங்கிலத்தில் ‘யூஸ்டு டு’ என்றொரு பிரயோகம் உண்டு. முன்பு வழக்கமாகச் செய்து, இப்போது விட்டுவிட்ட காரியத்தைச் சொல்ல அது உதவும். இக்கட்டுரை அதை வழக்கிறந்த காலம் என்று வழங்கும். இதைக் கற்பிக்கும் நூல்களில் முன்பு சிகரெட் பிடித்துப் பிறகு நிறுத்திய ஒருவர் தவறாமல் வருவார். ஓர் ஊரே எடுத்துக்காட்டாக நிற்கும்போது அந்த மனிதரை இன்னும் எத்தனை பதிப்புக்குத்தான் இழுப்பது?

அவ்வூர் கோலார் தங்கவயல். 1880-இல் தங்கம் எடுக்க ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 3 கிலோமீட்டருக்கும் கீழே ஆட்கள் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அன்றுமுதல் ஊரார் பேச்சில் பெரும்பகுதி ‘யூஸ்டு டு’ வகையைச் சார்ந்தது. இதைப் பற்றி இதுவரை ஆய்வேடு வராததற்கு ஒரே காரணம், இதற்கும் மானியம் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றாததுதான்.

1. ஆசிரியரைக் குறிக்கும் சொற்கள்

‘யூஸ்டு டு’வைக் கற்பிப்பவர் ஆசிரியர். ஆகவே முதலில் அவருக்கு ஊரில் வழங்கும் பெயர்கள்.

சார்: ஆண்பால்.

மிஸ்: பெண்பால். பேரன் பிறந்த பின்னும் மிஸ்தான்.

டீச்சர்: மேற்படியாரே, தமிழ் வகுப்பில்.

சிஸ்டர்: கான்வென்ட் வழக்கு. உடன்பிறப்பு என்று கொள்ளற்க.

வாத்தியார்: அவர் காதில் விழாத தூரத்தில்.

மேஷ்ட்ரு, அய்யவாரு, உஸ்தாத்: முறையே கன்னடம், தெலுங்கு, உருது. தங்கவயலில் ஒரே தெருவில் ஒரே ஆளுக்கு இவை அனைத்தும் வழங்கக்கூடும் (காண்க: ராபர்ட்சன்பேட்டை மளிகைக் கடன் நோட்டு, ‘தரவேண்டியவர்கள்’ பகுதி. அங்கு அந்த ஒருவர் மூவராகக் கணக்கிடப்பட்டுள்ளார்).

2. நன்னூல் தங்கவயலுக்கே உரியது

ஆசிரியருக்கும் இலக்கணம் சொல்லும் நன்னூலைப் பவணந்தி முனிவரைக் கொண்டு செய்வித்தவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். கல்வெட்டுகளில் அவனுக்குள்ள பட்டங்களுள் ஒன்று ‘குவளாலபுர பரமேசுவரன்’. குவளாலபுரம் என்பது கோலார். இம்மூன்றும் உண்மை. இனி வருவது ஆய்வு.

கோலாருக்கு உரியவன் செய்வித்த நூல் கோலாரின் நூல். கோலாரின் நூல் தங்கவயலின் நூல். ஆகவே பவணந்தியார் தங்கவயலின் மாரிக்குப்பம் ரயிலில் வந்துபோயிருத்தல் வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ரயில் ஏது என்பர், தங்கவயலின் இன்னொரு பகுதியான உரிகத்தின் கருத்தினர். ரயில் வரவில்லை என்பதற்கு அது சான்றாகலாம். பவணந்தியார் ஸ்டேஷனில் காத்திருக்கவில்லை என்பதற்கு எவ்வாறு சான்றாகும்?

அகச்சான்றும் உண்டு. ஆசிரியராகத் தகாதவர்க்கு நன்னூல் நான்கு உவமை சொல்கிறது: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. கழற்குடத்தில் போட்ட வரிசையில் காய் வெளியே வராது. ‘யூஸ்டு டு’வை முடிக்காமல் ‘வுட்’டுக்குத் தாவி, மணி அடிக்கும்போது திரும்பி வரும் சார் இவர். மடற்பனை தன்மேல் யாரையும் ஏறவிடாது. சந்தேகம் கேட்கும் மாணவனை முறைத்தே உட்காரவைக்கும் மிஸ் இவர். பருத்திக் குண்டிகை பஞ்சு அடைத்த குடம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தரும். பாதி விதி வகுப்பில், மீதி விதி டியூஷனில். முடத்தெங்கு வேலி தாண்டி அடுத்த வீட்டில் காய் போடும். சம்பளம் ஒரு பள்ளியில், பாடம் இன்னொரு மாடியில். டியூஷன் இல்லாத ஊரில் இவ்வுவமைகள் தோன்றியிருக்க வழியே இல்லை (விரிவுக்கு: சாம்பியன் ரீஃப் உரை, கரையான் தின்ற பிரதி, ஓட்டைகள் 4 முதல் 9 வரை. 7-ஆம் ஓட்டை பிற்காலக் கரையானின் இடைச்செருகல் என்பாரும் உளர்).

3. வழக்கிறந்த காலம்

“எங்க தாத்தா மைனுக்குப் போவாரு. சங்கு ஊதும். ஷிப்ட் மாறும். பாட்டி சோறு கட்டிக் குடுக்கும்.”

போவார், ஊதும், மாறும், கொடுக்கும். நான்கும் எதிர்கால வினைகள். தாத்தா காலமாகி, மைனும் காலமாகி, சங்கும் அடங்கிய பிறகும் இலக்கணப்படி அவர் நாளைக் காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறார். ஆங்கிலம் ‘யூஸ்டு டு’ என்று போட்டு, இனி இல்லை என்று சொல்லிவிடுகிறது. தமிழ் அப்படிச் சொல்ல மறுக்கிறது. அரசியலார் இதைக் கண்டுகொண்ட அளவுக்கு இலக்கணத்தார் கண்டுகொள்ளவில்லை.

‘சுரங்கம் ஓடும்’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். சுரங்கத் தொழிலாளரின் லைன் வீட்டுத் திண்ணையில் சொன்னால் நினைவு. மேடையில் மைக் பிடித்துச் சொன்னால் வாக்குறுதி. வடிவம் ஒன்றே. 2013-இல் உச்ச நீதிமன்றம் டெண்டருக்கு வழிவிட்டபோதும், 2024-இல் 13 சுரங்கக் கழிவு மண்மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தபோதும் இத்தொடர் பெருவழக்காய் இருந்தது. இதனை எதிர்காலம் என்பர் உரிகம் கருத்தினர். ‘வாக்குறுதி தருவதே இங்கு நெடுநாள் வழக்கமாதலால் வழக்கிறந்த காலமே’ என்பர் மாரிக்குப்பம் கருத்தினர். இரு சாராரும் பிளாட்பாரத்தில் மோதிக்கொள்வர். பெங்களூர் ரயில் வந்ததும் சீட் பிடிக்க ஓடுவதால் முடிவு எட்டப்படுவதில்லை.

இந்த ரயிலில்தான் இரண்டாம் ‘யூஸ்டு டு’ பயணம் செய்கிறது. முன்னால் ‘ஐயாம்’, ‘ஈஸ்’ போன்றவை சேர்ந்தால் பொருள் ‘பழகிவிட்டது’ என்றாகும். தாத்தா யூஸ்டு டு கோ டு மைன். பேரன் ஈஸ் யூஸ்டு டு பெங்களூர்வரை நின்றுகொண்டே போவது (ஆதாரம்: காலை வண்டி, கடைசிக்கு முந்திய பெட்டி, கழிவறைக் கதவின் உட்புறக் கீறல்கள், மூன்றாம் கையெழுத்து. இரண்டாம் கையெழுத்து போலி என்பது நான்காம் கையெழுத்தின் துணிபு. ஐந்தாவது ஒரு செல்போன் எண், அது ஆய்வு வரம்புக்கு வெளியே).

ஆய்வு முறை

மைனில் இறங்கி வேலை செய்த ஒருவரிடமும் இக்கட்டுரைக்காகப் பேசவில்லை. அவர்கள் தரவுகள். தரவுகளைப் பேசவிட்டால் முடிவு மாறிவிடும் அபாயம் உண்டு என்பதைப் பல்கலைக்கழகங்கள் நன்கறிந்தே நடக்கின்றன.

துணிபு

தமிழில் காலம் மூன்று என்பது நன்னூல். தங்கவயலில் நான்கு: இறப்பு, நிகழ்வு, எதிர்வு, தேர்தல். தேர்வெழுதும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘சுரங்கம் ஓடும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். சொன்னவர் யார், வாக்குப்பதிவு எப்போது என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் ‘யூஸ்டு டு’ என்றே எழுதுங்கள். மதிப்பெண் கிடைக்கும்.